லைனிங் வைத்த ஸ்டென்ட்

பெருமதிப்பிற்குரிய மாமாவுக்கு உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவின் பித்தக்குழாயைத் தவிர மற்ற அனைவரும் நலம். ஃபோனில் நீங்கள் பேசி முடிப்பதற்குள் என் தைரியம் போய்விடுவதால், எதிர்வீட்டு பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

"டிகிரி வாங்கி என்ன, டாக்டர்கிட்ட வாயே திறக்கமாட்டா. நான் வந்து பேசறேன்" என்றீர்களாம். வர வேண்டாம் மாமா, எல்லாம் முடிந்தது. கணையத்துப் புற்றுக்கட்டி பித்தக்குழாயை நெரிப்பதால்தான் காமாலை; அது இறங்கினால்தான் கீமோ தொடங்க முடியும். குழாயைத் திறந்து வைக்க டாக்டர் மூன்று வகை ஸ்டென்ட் காட்டினார். பிளாஸ்டிக் குழல் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். வெறும் கம்பிவலை அவ்வளவாக அசையாது, ஆனால் கண்ணிகள் வழியே கட்டி உள்ளே வளரும், பிறகு எடுப்பதும் கஷ்டம். உறை போட்ட வலைக்குள் கட்டி எளிதில் நுழையாது, வேண்டுமானால் எடுத்தும் விடலாம், ஆனால் நழுவலாம். நான் உள்ளங்கையில் எழுதிப்போன மூன்று கேள்விகளில் இரண்டு வியர்வையில் அழிந்துவிட்டன, மூன்றாவதற்குத் தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா, முப்பது வருடம் துணி தைத்த விரலால் உறை போட்டதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "லைனிங் வச்சா நழுவத்தான் செய்யும். ஆனா பிரிச்சுத் தைக்கலாம். இதையே வைங்க டாக்டர்" என்றாள். பித்தப்பையை ஏற்கெனவே எடுத்தாயிற்று, உறை அதன் வாயை அடைத்துவிடும் பயமில்லை என்பதால் தானும் அதைத்தான் நினைத்ததாக அவர் சொன்னார். நான் தலையாட்டினேன். அதுவும் பேச்சில் சேர்த்திதான்.

வைத்த நாளிலிருந்து அம்மா ஜன்னலோரம் கண்ணாடி பிடித்து, இமையை இழுத்து, நூல்கண்டுகளைக் கண்ணருகே வைத்து நிறம் பொருத்துகிறாள். முதல் நாள் கடுகு மஞ்சள், நான்காம் நாள் எலுமிச்சை, நேற்று சந்தனம். அப்பாவும் தன் கண்ணுக்குப் பொருத்திப் பார்த்து, எலுமிச்சை என்று பயந்து ரத்தப் பரிசோதனைக்கே போய்வந்தார். மஞ்சள் பல்புக்குக் கீழே நின்று பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை கீமோ. ஆகவே நிம்மதியாக இருங்கள். அத்தைக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அம்மா கூப்பிட்டாள். கையில் மறுபடி எலுமிச்சை நூல். டாக்டருக்கு நானே ஃபோன் செய்தேன் மாமா, மூன்று கேள்வியும் கேட்டேன். நழுவியிருக்கலாம், நாளைக் காலை பார்த்து, எடுத்துவிட்டு வேறு வைக்கலாம் என்றார். கீமோ தள்ளிப்போகும். "அதுக்குத்தானே பிரிக்கிற மாதிரி கேட்டேன்" என்கிறாள் அம்மா. ஆனால் எலுமிச்சை நூலைக் கீழே வைக்காமல் விரலில் சுற்றிச் சுற்றிப் பிரிக்கிறாள். டிரைவர் இன்றே அங்கிருந்து திரும்புகிறார், அதே பஸ்ஸில் ஏறிவிடுங்கள். நீங்கள் பேச வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன். பக்கத்தில் நின்றால் போதும்.