அம்மா கன்னத்தில் உன் கை

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. நான் சுகம், முழங்கால்தான் சுகமில்லை. உன் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். கோபம் வேறு, அது வேறு.

முந்தாநாள் அச்சுக்கடையில் இருந்தவர்கள்: நான், என் மூத்த மருமகள், கடை முதலாளி, கம்ப்யூட்டரில் படம் வரைகிற கண்ணாடிக்காரி. எல்லாரும் சாட்சி. என் கல்யாணப் படத்தை விட்டால் அம்மாவுக்கு வேறு படம் ஏது? அதிலும் முகம் சட்டைப் பொத்தான் அளவு. சுவரில் மாட்டப் பெரிதாக்கச் சொன்னேன். அம்மா போய்க் குளியலறைத் தரை வந்தது, கட்டம் கட்டமாக. இது பிட்மேப், வெறும் புள்ளிகள், இழுத்தால் புள்ளிதான் பெரிதாகும், வெக்டராகக் கோட்டில் வரைந்துவிட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கலையாது என்றாள் கண்ணாடிக்காரி. கம்ப்யூட்டரையே வரையவிட்டால், அது பின்னால் நின்ற பெரியப்பாவின் மீசையை அம்மாவுக்கு வைத்துவிட்டது. பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றி இப்படி, மூக்கு இப்படி என்று சொல்லச் சொல்ல, அவள் கோட்டை வளைத்து வளைத்து வலது பாதியை முடித்தாள். அம்மாவேதான். இடது பாதிக்கு எங்கே போவேன்? நாலு வயதில் நீ அம்மா மடியில் உட்கார்ந்து கையால் கன்னத்தையே மூடி வைத்திருக்கிறாய்.

வலது பாதியையே நகலெடுத்துத் திருப்பி ஒட்டினாள். மருமகள் எட்டிப் பார்த்து, "யாரு அத்தை இவங்க? லீவு கேட்டா தராத ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்காங்க" என்றாள்.

என் கல்யாணத்தில் யார் என்ன முணுமுணுத்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அந்தக் கன்னம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. குழி விழுமா, மச்சம் இருந்ததா, தெரியவில்லை. தொட்டுக்கொண்டிருந்தவள் நீ, உனக்குத்தான் தெரியும். அந்தக் கைக்காக ஐம்பத்தாறு வருஷமாக உன்னை மன்னிக்கவில்லை, இனியும் மாட்டேன். ஆனாலும் படம் அச்சாகிற சனிக்கிழமைக்குள் வந்து சொல்லிவிட்டுப் போ.

பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்லாதே, காரணம் அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு. வர வேண்டாம். உறையை ஒட்டுமுன் மறுபடி கடைக்குப் போய்க் கண்ணாடிக்காரியிடம், கன்னம் வேண்டாம், அதை மூடிய தங்கச்சி கையையே வரைந்துவிடு என்றேன். படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்த உன் கையைப் பெரிதாக்கி விரல் விரலாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தவள், "பாட்டி, இதுல ஒன்பது விரல் இருக்கு" என்றாள். ஐந்து உன்னுடையது. மீதி நான்கும் அம்மாவுடையது. நீ எடுத்துவிடாதபடி உன் கையைத் தன் கன்னத்தோடு அவளேதான் அழுத்திப் பிடித்திருக்கிறாள், நான் புகுந்த வீட்டுக்குப் புறப்பட்டுப் போகிற அன்றைக்கு. உன் மேல் தப்பில்லை. இனி நான் மன்னிக்காதது அம்மாவைத்தான்.