சர்ர்… ஸ்ஸு… ணங்!

பதினோராவது வெடியும் வெடிக்கவில்லை.

மாரீஸ்வரன் மொட்டை மாடியின் தகரக் கதவை விரலளவு திறந்து எட்டிப் பார்த்தான். பச்சைச் சணல் சுற்றிய அணுகுண்டு, வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது. செங்கல் மேல் நிறுத்திய மைக்கும் அப்படியே நின்றது. தரை வழக்கம்போல் ஈரம்.

"சித்தி! வத்தல் கழுவுன தண்ணி மறுபடியும் எங்க மாடிக்கு வந்துருக்கு!"

முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மிளகாய் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராமுத்தாய் நிமிர்ந்தாள். "வத்தல எவளாச்சும் கழுவுவாளாலே? ஏலே மாரி, நான் சொல்றதக் கேளு, ஒங்கம்மா…"

அதற்குள் அவன் ஹெட்போனை மாட்டிவிட்டான். கொசு சிறகடிப்பதுகூட அவன் காதுக்குத் தப்பாது. மனுசர்கள் பேசுவது மட்டும் விழவே விழாது என்பது விஸ்வநத்தம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

வாரத்தில் ஆறு நாள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள் வெட்டுகிற வேலை. மீதி நேரமெல்லாம் லேப்டாப்பில் பீட் போடுவான். ஆறு வருஷமாக அப்படித்தான். இப்போதுதான், மதுரையில் ராப் பாடுகிற கருப்பணனின் கண்ணில் அவன் பட்டிருந்தான். கருப்பணன் போனில் சொன்னது இதுதான்:

"மாப்ள, பீட்டு நல்லாருக்கு. ஆனா இந்த மாதிரி நூறு பேரு போடுறான். கண்ண மூடிக் கேட்டா, மொத ரெண்டு செகண்டுலயே இது மாரீஸ்வரன்னு தெரியணும். உனக்குன்னு ஒரு சத்தம் வேணும். ஞாயித்துக்கெழமக்குள்ள அனுப்பு. இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"என்ன சத்தம்ணே?"

"சிவகாசிக்காரன் எங்கிட்டக் கேக்குற! வெடியப் போடு மாப்ள!"

அதைத்தவிர எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் அப்பா சோலைச்சாமி வேலைக்குப் போன பட்டாசு ஷெட்டிலிருந்து டிபன் வாளி மட்டும்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு பொம்மைத் துப்பாக்கிக் கேப்புகூட வெடித்ததில்லை. அம்மா ஆவுடைத்தாய் மட்டும் இன்றைக்கும் சண்முகவேல் அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்குக்குப் போகிறாள். ஊரில் இருக்கிற வேலை அதுதானே.

மாரீஸ்வரன் எதை எதையோ முயன்று பார்த்தான். கட்டிங் மெஷின் சத்தம், தறிகெட்டு ஓடும் மினி பஸ், பரோட்டாக் கல்லில் கொத்து. எல்லாவற்றுக்கும் "இது வேற ஒருத்தன் போட்டுட்டான் மாப்ள" என்று பதில் வந்தது. கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணாச்சி கம்பெனியின் கெண்டைமீன் மார்க் அணுகுண்டு இரண்டு பெட்டி வாங்கி வந்தான்.

நீளக் கம்பின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டிப் பற்ற வைப்பான். திரி பிடித்ததும் ஓடிவந்து தகரக் கதவைச் சாத்திக்கொள்வான். படிக்கட்டில் உட்கார்ந்து, தலையணையால் காதைப் பொத்தி, கண்ணை மூடி அறுபது வரை எண்ணுவான். மேலே போய்ப் பார்த்தால் வெடி நமுத்துக் கிடக்கும். அவமானமாக இருக்கும். கூடவே, சொல்லக்கூடாது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கும்.

இரண்டாவது வெடி போனதும் மீதியை வெயிலில் காயவைத்தான். ஐந்தாவது போனதும் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தான்.

"ஏய்யா, அரிசிக்குள்ளயா வெடிய வச்ச? ஒலைல போடுறதுக்கு முந்திப் பாத்தேன், நல்லாப் போச்சு!" என்றாள் ஆவுடைத்தாய்.

"ஈரம் இழுக்கும்னு வச்சேம்மா. ஒண்ணுகூட வெடிக்க மாட்டேங்குது."

"வெடிக்கலைன்னா விட்டுத் தொலையேன். சரி, அடுத்தது எப்பக் கொளுத்தப் போற?"

"நாலு மணிக்கு. நீ மாடிப்பக்கமே வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"நான் ஏன் வாறேன்? ராமுத்தாய் வீட்டுல கொஞ்சம் சோலி கெடக்கு."

இப்போது பதினொன்றும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமையும் சாயப் போகிறது. கடைசி நம்பிக்கையாக, பதிவானதைப் போட்டுக் கேட்டான்.

சர்ர்… ஸ்ஸு… ணங்.

மறுபடி கேட்டான். திரி எரிகிறது. ஏதோ விழுங்குகிற மாதிரி அடங்குகிறது. அப்புறம் ஒரு மௌனம். அந்த மௌனத்தின் கடைசியில், எங்கோ தூரத்துக் கோயிலில் ஒரே ஒரு தரம் மணியைத் தொட்ட மாதிரி, ணங். மற்ற பத்தையும் போட்டுப் பார்த்தான். பதினொன்றிலும் அதே ணங்.

மாரீஸ்வரனுக்கு முன்கையில் முடி நட்டுக்கொண்டு நின்றது. ஒரு பீட்டின் தலையில் அதை வைத்து அனுப்பினான். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"மாப்ள, திரி எரியுது. வெடி எங்க?"

"வெடிக்காதுண்ணே. அதான் என் சத்தம்."

"சிவகாசிக்காரன் வெடி வெடிக்காதா?"

"சிவகாசிக்காரன்னா வெடிச்சே ஆகணும்னு எவன் சொன்னது? நாங்க ஊருக்கெல்லாம் வெடி செய்யிறோம், நாங்களே வெடிக்கணுமாண்ணே? பிடிச்சா வச்சுக்கோங்க. இல்லைன்னா வேற ஆளப் பாருங்க."

அந்தப் பக்கம் அதே பீட் இன்னொரு தரம் ஓடியது. பிறகு கருப்பணன் மெதுவாகச் சொன்னான்: "அந்தக் கடைசி ணங்… அது என்ன எழவுடா, நெஞ்சப் பிடிக்குது?"

"தெரியலண்ணே. வெடிக்குள்ள இருந்து வருது."

வெள்ளிக்கிழமை பாட்டு வந்தது. 'பத்த வச்சுப் பாரு, பதறாது உள்ள; உன் வேடிக்கைக்கு வெடிக்க நான் ஆளே இல்ல' என்று கருப்பணன் எகிறினான். மூன்றே நாளில் சாத்தூர் பஸ்ஸிலும் விருதுநகர் டீக்கடையிலும் அதுதான் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தால் 'சர்ர்… ஸ்ஸு…' என்று சொல்லி, டிபன் பாக்ஸில் ணங் என்று தட்டிக்கொண்டார்கள்.

சந்தோஷத்தில் மாரீஸ்வரன் ஒரு காரியம் செய்தான். 'இப்படித்தான் உருவாச்சு' என்று மாடியில் எடுத்த போட்டோவை இன்ஸ்டாகிராமில் போட்டான். மைக் தெரிந்தது, செங்கல் தெரிந்தது. பக்கத்தில் கெண்டைமீன் மார்க் பெட்டி பளிச்சென்று தெரிந்தது. அந்த லேபிளை வெட்டியவனே அவன்தான். அச்சு அவ்வளவு சுத்தம்.

அடுத்த நாள் காலையில் சண்முகவேல் அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, நாக்பூர்ப் பார்ட்டி எறநூறு பெட்டி ஆர்டர நிறுத்திட்டான். 'அண்ணாச்சி, உங்க வெடி ணங்னு போகுதாமே'ன்னு சிரிக்கான். நாப்பது வருசக் கம்பெனி தம்பி!"

பதறிப்போன மாரீஸ்வரன் அங்கேயே நின்று பதிவு போட்டான்: 'கெண்டைமீன் வெடியில் குறை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு ஈரத்தில் நமுத்துவிட்டது.' மதியத்துக்குள் 'ஈரம் பட்டால் நமுக்கும் கெண்டைமீன்' என்று அதைத் திருப்பிப் போட்டார்கள். சாயங்காலம் பதிவையும் போட்டோவையும் சேர்த்து அழித்தான். உடனே 'கம்பெனி மிரட்டியதால் கலைஞர் பணிந்தார்' என்றார்கள். அதுவரை கேள்விப்படாதவர்களும் பாட்டைத் தேடிக் கேட்டார்கள்.

மாரீஸ்வரன் வாங்கிய பெட்டிகள் வந்த லோடு முழுவதையும் அண்ணாச்சி நிறுத்தினார். சோதனை முடிகிறவரை பேக்கிங் பெண்களுக்கு வேலை இல்லை. ஆவுடைத்தாயும் ராமுத்தாயும் உள்பட முப்பது பேர் சோற்று வாளியோடு வீடு திரும்பினார்கள்.

"அண்ணாச்சி வெடி நல்ல வெடிய்யா. அதுல ஒரு குத்தமும் கெடையாது" என்றாள் ஆவுடைத்தாய், புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? பதினொண்ணும்ல நமுத்துருச்சு."

ஆவுடைத்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் ஹெட்போனை மாட்டியிருந்தான்.

கம்பெனிப் பொட்டலில் போர்மேன் ஒச்சப்பன் அதே லோடிலிருந்து பத்து வெடி எடுத்துச் சோதித்தார். பத்தும் இடியாக வெடித்தன. "அதுவும் போக, மருந்துல ணங்னு சத்தம் வாறதுக்கு வழியே இல்ல. முப்பத்தெட்டு வருசமா நான் கேட்டதில்ல" என்று அடித்துச் சொன்னார்.

இப்போது கருப்பணன் போனில் கத்தினான்: "டேய், கம்ப்யூட்டர்ல செஞ்ச சத்தமாடா? எங்க ஆட்டத்துல பொய்ச் சத்தம் போட்டவனுக்கு எடமே கெடையாது தெரியும்ல?"

வெடி கெட்டது என்றால் முப்பது பெண்களின் பிழைப்புப் போகும். நல்லது என்றால் மாரீஸ்வரன் பொய்யன். ஆறு வருஷம் தேடிக் கிடைத்த அவன் சத்தமும் பொய். அண்ணாச்சிதான் ஒரு வழி சொன்னார்.

"தம்பி, எனக்கு உன்மேல கோவம் இல்ல. அந்த ணங்குக்கு அப்புறம் ஒரே ஒரு டமார் சேத்துப் போட்டுரு. கொஞ்சம் லேட்டா வெடிச்சதுன்னு ஆயிரும். பேக்கிங்க நாளைக்கே தெறக்கிறேன்."

"போன வாரம் கேட்டிருந்தா போட்டுருப்பேன் அண்ணாச்சி. இப்ப மாட்டேன். எங்கப்பாவக் கொண்டுபோன சத்தத்த என் பேருக்கு முன்னால வைக்க மாட்டேன். அந்த ணங் நெசம். ஞாயித்துக்கெழம எல்லாரும் எங்க மாடிக்கு வாங்க. உங்க கண்ணு முன்னால பத்த வைக்கேன்."

"வெடிச்சிட்டா?"

"வெடிச்சிட்டா பீட்டு போடுறத அன்னையோட விட்டுடுறேன்."

ஞாயிறு நாலு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில், ஒச்சப்பன் காதில் பஞ்சோடு, கருப்பணன் மதுரையிலிருந்து பைக்கில். ஆவுடைத்தாய் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு காப்பி கெடைக்குமா? வெயில்ல வந்தது மண்டையப் பொளக்குது" என்றான் கருப்பணன்.

"இது முடியட்டும்யா, நான் ராமுத்தாய் வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்து…"

"வந்தவுகளுக்குக் காப்பியக் குடும்மா மொதல்ல!" என்று மாரீஸ்வரன் கத்தினான்.

ஆவுடைத்தாய் அவனைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள், அடுப்பை நோக்கி ஓடினாள். இப்படி ஓடிக் காப்பி போட்டவளை அவன் பார்த்ததே இல்லை.

மாடியில் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். பக்கத்து மாடியில் ராமுத்தாய் வத்தலை விட்டுவிட்டு, தன் வீட்டுப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏலே மாரி, கொஞ்சம் பொறுலே, ஒங்கம்மா வரட்டும்…"

"அம்மா எதுக்கு சித்தி? இது வெடிக்காது!"

கம்பை நீட்டினான். இந்தத் தடவை தகரக் கதவுக்கு ஓடவில்லை. காதையும் பொத்தவில்லை. கருப்பணன் பார்க்க, கம்பெனி பார்க்க, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். சர்ர்…

டமார்!

வேப்பமரத்துக் காக்கை அத்தனையும் எழும்பிப் பறந்தது. மைக் சாய்ந்து, அதன் செங்கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. காதுக்குள் ஒரு நீண்ட விசில். அது அடங்கியபோது மாரீஸ்வரன் இன்னும் அதே இடத்தில், இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தான். அதுவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பாத்தீகளா! நம்ம வெடி!" என்று அண்ணாச்சி ஒச்சப்பனின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

கருப்பணன் அசையவில்லை. "அப்ப ணங்?"

சொன்ன சொல் சொன்னதுதான். மாரீஸ்வரன் மைக் வயரைச் சுருட்டக் குனிந்தான்.

அப்போது ராமுத்தாய் வீட்டுப் படியில் தடதடவென்று சத்தம். ஆவுடைத்தாய் வந்தாள். மூச்சு வாங்கியது. விரலெல்லாம் காப்பித் தூள். கையில் பித்தளைச் சொம்பு. பாதித் தண்ணீர் வழியெல்லாம் சிந்தியிருந்தது. புகையைப் பார்த்தாள், செங்கலைப் பார்த்தாள், மகனைத் தலையிலிருந்து கால்வரை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு கை சோர்ந்து, சொம்பைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள்.

ணங்.

கருப்பணனின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. ஒச்சப்பன் காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"இதத்தானலே ரெண்டு வாரமாச் சொல்ல வாறேன், நீ காதுல அந்தக் கருமத்த மாட்டிக்கிடுத," என்றாள் ராமுத்தாய். "நீ பத்த வச்சிட்டு உள்ள ஓடுனதும், ஒங்கம்மாதான் பதினோரு வெடியிலயும் எங்க மாடில இருந்து தண்ணிய ஊத்தி அணைச்சா, இன்னைக்குத்தான் நீ அவளக் காப்பி போட அனுப்பிட்ட!"