பாடகருக்குத் தொண்டை சரியில்லை

"ஏனுங்க, பாட்டுக்காரரைக் காணமுங்களே?"

கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் ஆறுக்குட்டி இப்படிக் கேட்டபோது தினகரன் பேஸ் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். டிரம்ஸுக்குப் பின்னால் டக்ளஸ், கீபோர்டில் பிலோமி, டிரம்பெட்டோடு இசக்கி. அவ்வளவுதான் கோஷ்டி. பாடுவதற்கு ஆள் கிடையாது. என்றைக்குமே இருந்ததில்லை.

அமெரிக்காவில் பெரிய ரிக்கார்டு கம்பெனிகள் சீண்டாத ராப் பையன்கள் வீட்டுக்குள்ளேயே தாளம் போட்டு, அதன்மேல் மூச்சுவிடாமல் பேசிய பழைய கேசட்டுகள் டக்ளஸிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அந்தப் பேச்சில் ஒரு வரியும் நால்வருக்கும் புரியவில்லை. தாளம் மட்டும் காலைப் பிடித்து இழுத்தது. ஆகவே பேச்சைத் தூர எறிந்துவிட்டு, தாளத்தை மட்டும் எடுத்து, நிஜ வாத்தியங்களில், ஆட்டம் போட வைக்கும் ஃபங்க் பாணியில் வாசிக்கத் தொடங்கினார்கள். பாட்டில்லாத பாட்டுக் கச்சேரியை நீலகிரியில் யார் கூப்பிடுவார்கள்? யாரும் கூப்பிடவில்லை. கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் நடக்கும் இந்தக் கல்யாணம்தான் முதல் அழைப்பு.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து, குன்னூரில் தினகரன் வேலை பார்த்த ஃபேக்டரி பாதி நாள் மூடியே கிடந்தது. மனைவி ரஞ்சனி கேத்திக்குக் கேரட் கழுவப் போனாள். பச்சைத் தண்ணீரில் அவள் விரல்கள் வெடித்திருக்க, தன் விரல்கள் கிட்டாரைத் தடவிக்கொண்டிருப்பது அவனுக்கே கூச்சமாக இருந்தது. இந்தக் கச்சேரி எடுபட்டால் இன்னும் நாலு கல்யாணம் வரும், எடுபடாவிட்டால் கிட்டாரை விற்றுவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். கிட்டாரின் கதி என்னவாகிறது என்று பார்க்க அவளும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு எதிரில், எங்களுக்குப் பாட ஆளில்லை என்று எப்படிச் சொல்வது?

"அவருக்குத் தொண்டை சரியில்லீங்க" என்றான், வாயில் வந்ததை.

ஆறுக்குட்டி அத்தோடு விட்டுவிடுகிற ஆளில்லை. பாட்டுக்காரர் எங்கே இருக்கிறார், ஜீப் அனுப்பி வைத்தியரிடம் கூட்டிப் போகிறேன் என்றார். தினகரன் பயந்துபோய், அவர் இங்கேதான் வேனில் ஓய்வெடுக்கிறார் என்று சொல்லித் தொலைத்தான். வேனில் இருந்தது இருளப்பன். முட்டைக்கோஸ் மூட்டை தூக்குகிறவன், ஸ்பீக்கர் இறக்க வந்தவன். வாயைத் திறந்து போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்து பார்த்த ஆறுக்குட்டி, தூங்கும்போதுகூட முகத்தில் பாட்டுக் களை தெரிகிறது என்றார்.

அதற்குப் பிறகு காரியம் தினகரன் கையில் இல்லை. இருளப்பனுக்கு மிளகுக் கஷாயம் வந்தது, ஆட்டுக்கால் சூப் வந்தது, ஆவி பிடிக்க ஒரு சட்டியும் கம்பளியும் வந்தன. நடுவில் கிடைத்த சந்தில் தினகரன் அவன் காதைக் கடித்தான். மைக்கைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் போதும், சுவிட்சை ஆஃப் செய்து தருகிறேன், வாயை மட்டும் திறக்காதே என்று கெஞ்சினான். இருளப்பன் சூப்பை உறிஞ்சியபடி தலையாட்டினான்.

மேடையில் ஆறுக்குட்டி அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். பல நாடுகளில் பாடியவர், தொண்டை கட்டியிருந்தும் நமக்காக வந்திருக்கிறார் என்று அறிவித்தார். கூட்டம் கை தட்டியது. ரஞ்சனி தட்டவில்லை. பக்கத்து வீட்டு இருளப்பனை அவளுக்குத் தெரியாதா? அவள் தினகரனைப் பார்த்த பார்வையில் அவனுக்கு உடம்பெல்லாம் குன்றிப்போயிற்று.

தலையைக் குனிந்தபடியே வாசித்தான். டக்ளஸ் அடித்த தாளம் கொஞ்சம் நொண்டி நொண்டி நடந்தது, அந்த நொண்டலில்தான் அதன் ருசி. அதை பேஸ் தாங்கிப் பிடித்தது, இசக்கியின் டிரம்பெட் நடுநடுவே வம்புக்கு இழுத்தது. முதலில் குழந்தைகள் ஆடினார்கள், அப்புறம் கொழுந்து பறிக்கும் பெண்கள். இடப்பக்கம் பெண் வீட்டாரின் கட்சி யூனியன் துண்டுகள், வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டாரின் எதிர்க்கட்சிக் கலர் துண்டுகள், எல்லாத் தோளும் குலுங்கின. வெட்கத்தில் வெந்துகொண்டிருந்த தினகரன் கண்ணில் அது எதுவும் படவில்லை. எப்போது பாடுவார் என்று ஆறுக்குட்டி கேட்டுக்கொண்டே இருந்தது மட்டும் காதில் விழுந்தது.

நாலாவது உருப்படியில் இருளப்பன் அவன் அருகே நகர்ந்து வந்தான்.

"இவ்வளவு மரியாதை பண்ணிப்போட்டாங்க. தின்னுபோட்டுச் சும்மா நிக்க ஒடம்பு கூசுது தினகரா."

தினகரன் தடுப்பதற்குள் மைக்கின் சுவிட்சைத் தட்டிவிட்டான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. கட்சி ஆரம்பித்த ஒரு நடிகரின் பாட்டு. அதை எந்தக் குறையும் இல்லாத தொண்டையில், மனம் விட்டுப் பாடினான்.

இடப்பக்கம் விசில் பறந்தது. வலப்பக்கம் மொத்தமாக எழுந்து நின்றது. ஒருவர் துண்டைச் சுழற்ற, இன்னொருவர் அதைப் பிடுங்க, பிறகு நாற்காலிகள் கிளம்பின. யாரோ ரசவாளியைக் கவிழ்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பந்தியைப் பாதியில் விட்டுவிட்டு பஸ்ஸில் போய் ஏறினார்கள். மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்க மனமில்லாமல் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார். இருளப்பன் பொன்னாடையை விடாமல் வேனுக்கு ஓடினான்.

எல்லாம் தன் ஒரு பொய்யால் வந்தது. தினகரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேராகக் கல்யாணப் பெண் சசிரேகாவிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மன்னிச்சுக்கம்மா. எங்க கோஷ்டியில பாடறதுக்கு ஆளே கெடையாது. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, லோடு தூக்கறவனை நிறுத்திப்போட்டேன்."

சசிரேகா முகத்தில் தெறித்திருந்த ரசத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆளில்லைன்னு எனக்குத் தெரியுமுங்கண்ணா. நிச்சயத்தன்னைக்கு ஒரே ஒரு பாட்டுக்கு மூணு பேர் மண்டை ஒடைஞ்சுது, அதனாலதான் மலை முழுக்க ஆள் உட்டுத் தேடி, வாயே தொறக்காத கோஷ்டின்னு ஒங்களைப் புடிச்சேன்."