முப்பத்தேழு போட்ட றப்பர்

"கையை எடுங்கோ! அது உருகுது!" என்று மனைவி சஜிதா கத்திய பிறகுதான் வலன்ரைன் துணியை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

சமையலறை மேசையில் கிடந்த வேட்டைத் துப்பாக்கியின் பின்முனையில், தோளில் முட்டுக்கொடுக்கிற இடத்தில், ஒரு கறுப்பு றப்பர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அதில் பாதி தொதல் இனிப்புப் போல இளகிப் பழைய பேப்பரில் வழிந்துகொண்டிருந்தது.

துப்பாக்கி அவருடையதாக இருந்தால் கவலையில்லை. அது அவருடைய முதலாளி றெஜானுடையது. ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறவர். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் கொண்டுவந்து கொடுத்திருந்தார். "உன்னிடம் லைசென்ஸ் இருக்கு. பூட்டுப்போட்ட இரும்பு அலுமாரியும் இருக்கு. மான் சீசன் வரும்வரை பத்திரமா வைச்சிரு. மரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசு" என்றார். அவர் சொன்னது பிரெஞ்சில். நம் வசதிக்குத் தமிழில்.

அந்த லைசென்ஸும் றெஜானை நம்பி எடுத்ததுதான். மன்னாரில் கோழி உரிக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்ட மனுசன் வலன்ரைன். ஆனால் ஒன்பது வருடம் பட்டறையில் உழைத்த பிறகு, இந்த நவம்பரில் தன் காட்டுக் குடிலுக்கு வேட்டைக்கு வா என்று றெஜான் கூப்பிட்டுவிட்டார். அந்தக் குடிலுக்கு றெஜான் தன் மருமகனைக்கூடக் கூட்டிப்போனதில்லை. வந்த நாட்டில் முதல்முறையாக ஒருவர் வீட்டுக் கதவைத் திறந்து "உள்ளே வா" என்று சொன்னது போல வலன்ரைனுக்கு இருந்தது. அது கைநழுவிப் போய்விடக் கூடாது.

"எண்ணெய் எண்டா என்ன எண்ணெய் எண்டு கேக்கேல்லையோ?" என்றாள் சஜிதா.

"எண்ணெய் எண்டா நல்லெண்ணெய்தானே?"

"தலைக்கு வைக்கிறதைத் துவக்குக்கு வைச்ச ஆளை இப்பதான் பாக்கிறன்."

நல்லெண்ணெய் மூன்றே நாளில் பிசுக்குப் பிடித்து, துப்பாக்கி தோசைக்கல் மாதிரி மணக்கத் தொடங்கியது. பிசுக்கை எடுக்கப் பட்டறையிலிருந்து பெயின்ற் கரைக்கும் தின்னர் கொண்டுவந்தார். பிசுக்குப் போனது. கூடவே றப்பரும் போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

மிஞ்சிய பாதியில் இரண்டு அடையாளங்கள் மட்டும் தப்பியிருந்தன. குறுக்கே நெளிநெளியாக ஓடும் கோடுகள். ஓரத்தில் பொறித்திருந்த 37 என்ற எண். அந்த எண்ணைப் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு நேரங்களில் றெஜான் கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிக் காட்டியே சொல்லியிருக்கிறார்: "1937! மரம், இரும்பு, றப்பர், எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே. பிறகு ஒன்றும் மாற்றவில்லை!"

"கடையில புதுசு ஒண்டு வாங்கிப் பூட்டுங்கோவன்" என்றாள் சஜிதா.

"பூட்டலாம். ஆனா ஒறிஜினல்தானெண்டு நிச்சயமாத் தெரியவேணும். இப்ப எல்லாத்துக்கும் டூப்ளிகேற் வந்திட்டுது."

இந்த விசயத்தில் வலன்ரைன் இலகுவில் ஏமாறுகிறவரில்லை. மிளகாய்த்தூள் வாங்கினால் ஒரு கரண்டியைத் தண்ணீரில் போட்டுச் செங்கல்தூள் அடியில் படிகிறதா என்று பார்ப்பார். கலியாணத்துக்குப் பெண்வீட்டார் போட்ட சங்கிலியைத் தட்டானிடம் கொண்டுபோய் உரைத்துப் பார்த்தவர். சங்கிலி சுத்தத் தங்கம். அதற்காக மாமனாரிடம் வாங்கிய பேச்சின் மிச்சத்தைச் சஜிதா இன்றுவரை தவணை முறையில் கொடுத்துவருகிறாள்.

றப்பரின் மிச்சத்தைக் கழற்றி எடுத்து, துப்பாக்கியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இணையக் கடையொன்றில் றப்பருக்கு ஓடர் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. மேலே மினுங்குகிற ஸ்ரிக்கர், உள்ளே சான்றிதழ், கொம்பனியின் முத்திரை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நெளிகோடு இல்லை. 37-உம் இல்லை. உடனே கடைக்குப் போன் அடித்தார்.

"உங்கள் துப்பாக்கி மாடலுக்கு இதுதான் அசல் உதிரிப்பாகம், சேர்" என்றாள் மறுமுனையில் ஒரு பெண்.

"அப்ப முப்பத்தேழு எங்கை?"

"எந்த முப்பத்தேழு, சேர்?"

"பாத்தீங்களே, உங்களுக்கே தெரியேல்லை!"

இருந்தாலும் ஒரு நியாயம் வேண்டுமே என்று, மிளகாய்த்தூள் சோதனையை றப்பருக்கும் வைத்தார். வாளித் தண்ணீரில் இரண்டையும் போட்டார். பழையது மிதந்தது. புதியது கல்லுப் போலத் தாழ்ந்தது.

"கண்டீரே? டூப்ளிகேற்!"

"உங்கடை சோதனையிலை தாழுறதுதானே பிழையான சாமான்? தங்கச் சங்கிலியைப் போட்டாலும் தாழும்" என்றாள் சஜிதா. "ஐயோ, அதையும் போட்டுப் பாத்திடாதையுங்கோ."

நனைந்ததில் ஸ்ரிக்கர் கழன்று மிதந்தது. ஸ்ரிக்கர் இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடை கைவிரித்துவிட்டது.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த ஒரு வேட்டைச் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட பெரியவர். அவர் எடுத்து வைத்த றப்பரிலும் 37 இல்லை.

"இது அசல்தானா?"

பெரியவர் பெட்டியிலிருந்த எண்ணைக் கணினியில் அடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். கொம்பனியின் பக்கத்தில் பச்சை நிறத்தில் சரி போட்டிருந்தது.

"கொம்பனியையே ஏமாற்றியிருந்தால்?"

பெரியவர் கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை பார்த்தார். வலன்ரைன் கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து உருகிய பாதியை மேசையில் வைத்தார். "உண்மையான சாமான் இப்படி இருக்கவேண்டும்."

பெரியவர் அதைத் திருப்பினார். மணந்தார். நகத்தால் கீறினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டார்.

"முசியே, முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இப்படியொன்றைக் கண்டதேயில்லை."

வலன்ரைன் அதை இப்படி விளங்கிக்கொண்டார்: உருக்கியது சும்மா றப்பர் இல்லை. உலகத்தில் மிஞ்சியிருந்த ஒன்றே ஒன்று! பெரியவர் அதைக் கைபேசியில் படமெடுத்து, தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா பார்ப்போம் என்று வேட்டைக்காரர் குழுவொன்றில் போட்டார். வேண்டாம் என்று வலன்ரைன் சொல்லி முடிப்பதற்குள் அது எண்பது பேருக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் றெஜான் அடித்தார்.

"வலன்ரைன், கேள்விப்பட்டாயா? என்னுடையதைப் போலவே 37 போட்ட றப்பர் ஒன்று மேற்கே ஒரு கடைக்கு வந்ததாம். எங்கள் கழகத்தில் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். பழைய துப்பாக்கிகளைச் சோதிக்கிற நிபுணர் ஒருவர் இருக்கிறார். என்னுடையதைப் பார்த்தே தீரவேண்டும் என்று நிற்கிறார். சனி காலை வீட்டுக்கு வருகிறாராம். துப்பாக்கியைக் கொண்டுவா. உன் மனைவியையும் கூட்டிவா, என் மனைவி கத்தரின் கோப்பி போடுவாள்."

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. சத்திரசிகிச்சை வலியாக்கும் என்று வலன்ரைன் நினைத்துக்கொண்டார். அவருக்குத் தன் வலியே பெரிதாக இருந்தது.

"உண்மையைச் சொல்லிப்போடுங்கோ" என்றாள் சஜிதா. "மனுசன் கொல்லவே போறார்?"

"துவக்கு அவற்றை கையிலயல்லோ இருக்கும்."

"பகிடியை விடுங்கோ. வேறை வாங்கித் தாறம் எண்டு சொல்லுங்கோ."

"எங்கை வாங்கிறது? அந்தக் கடைக்காரர் முப்பது வருசமாக் காணேல்லையாம். அந்த மனுசன் என்னை நம்பித் தந்தவர், சஜிதா. தன்ரை மருமகனுக்குக் குடாததை எனக்குத் தந்தவர்."

பின்னேரம் கோயிலில் அந்தோனியாருக்கு இரண்டு மெழுகுதிரி கொளுத்தினார்கள். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருவதில் அந்தோனியார் கெட்டிக்காரர். உருக்கியதைத் திருப்பித் தருவாரா என்பது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் குளிர்காலத்தின் முதல் சினோ, வெண்பனி, கொட்டியது. கீழறையிலிருந்த பனிச் சப்பாத்துகளை எடுத்துவந்து கதவடியில் அடுக்கும்போது, சஜிதாவின் இடது சப்பாத்து வலன்ரைனின் கையில் தங்கிவிட்டது. குதிகால் பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். அதே தடிப்பு. அதே கறுப்பு. சஜிதா வேலை செய்யும் கார்தெறி என்ற குழந்தைகள் காப்பகத்திலிருந்து வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

வலன்ரைன் பாவி இல்லை. மூன்று முறை வைத்துவிட்டு மூன்று முறை எடுத்தார். நான்காம் முறை கத்தியோடு எடுத்தார்.

ஒன்பது வருடம் மரம் இழைத்த கை. குதி துப்பாக்கியின் பின்முனைக்கு அளவாக வெட்டுப்பட்டது. ஒரு நம்பிக்கைக்கு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். மிதந்தது! இத்தனை நாளில் அவருடைய சோதனையில் தேறிய முதல் றப்பர் அதுதான். ஆணியைச் சூடாக்கி நெளிகோடுகளைக் கீறி, ஓரத்தில் 37 பொறித்து, பழசாகத் தெரியத் தேயிலைச் சாயமும் சாம்பலும் தேய்த்து ஒட்டினார். போலியைப் பிடிக்கப் புறப்பட்டவர் போலி செய்து முடித்தபோது பொழுது பட்டிருந்தது.

சனி காலை கதவடியில் நின்று சஜிதா கேட்டாள்: "என்ரை இடதுகால் சப்பாத்தைக் கண்டனீங்களே?"

"பேந்து சொல்லுறன். முதல்ல வெளிக்கிடும்."

"வெளியில சினோ! எதைப் போட்டுக்கொண்டு வாறது?"

குப்பைவாளிக்குள் குதியில்லாத சப்பாத்தை அவளே கண்டாள். இரண்டு சோடிக் காலுறைக்கு மேல் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். பாலம் தாண்டியதும் தொடங்கினாள்.

"சங்கிலியை உரைச்சீங்கள். சரி. இப்ப சப்பாத்தை அறுத்திட்டீங்கள். இனி என்னட்டை என்ன கிடக்கு?"

றெஜான் வீட்டு விறாந்தையில் நிபுணர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கையுறை, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி, மடியில் தடித்த புத்தகம். ஊன்றுகோலோடு பக்கத்தில் நின்ற றெஜானின் நெற்றி, நவம்பர் குளிரிலும் வியர்த்திருந்தது.

வலன்ரைன் பெட்டியின் பூட்டைத் திறந்தார். நிபுணர் துப்பாக்கியைத் தூக்கி, மற்றப் பாகங்களை ஒருமுறை நோட்டம்விட்டு, றப்பரில் நிலைகொண்டார். விரலால் தடவினார். புத்தகத்தைப் புரட்டினார். நெளிகோடுகளை எண்ணினார். வலன்ரைன் மனதுக்குள் அந்தோனியார் மன்றாட்டை ஆறாம் முறை தொடங்கியபோது நிபுணர் நிமிர்ந்தார்.

"சந்தேகமேயில்லை. அசல்" என்றார். "தேய்ந்திருக்கிற விதத்தைப் பாருங்கள், இந்தப் பழுப்பைப் பாருங்கள். இதை இன்றைக்கு யாராலும் செய்ய முடியாது. 1937-ஆம் ஆண்டேதான்."

வலன்ரைனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விசித்திரம் என்னவென்றால், றெஜானும் அதே நேரத்தில் நீளமாக மூச்சுவிட்டார். பிறகு துப்பாக்கியை வாங்கி றப்பரைத் தடவிப் பார்த்தார். மணந்து பார்த்தார். வலன்ரைனின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே" என்றார், வழக்கத்தைவிடச் சின்னக் குரலில். பிறகு வலன்ரைனின் தோளில் கைபோட்டு இறுக்கினார். "அடுத்த சனி, விடிய நாலு மணி. குடிலுக்குத் தடித்த காலுறை கொண்டுவா."

வலன்ரைனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதில் பாதி சந்தோசம், பாதி வெட்கம்.

கத்தரின் கோப்பித் தட்டோடு வந்தாள். சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியின் பின்முனையைக் குனிந்து பார்த்தாள். பிறகு சஜிதாவின் நனைந்த செருப்பைப் பார்த்தாள். திரும்பவும் துப்பாக்கியைப் பார்த்தாள். கோப்பியை நீட்டும் சாட்டில் சஜிதாவின் காதருகே சாய்ந்தாள்.

"முப்பத்தேழு என் கால் அளவு, இவர் அன்றைக்கு இந்தத் துப்பாக்கிக்கு வெட்டியது நான் இத்தாலியில் வாங்கிய சப்பாத்து. உன் கால் எத்தனை, மகளே?"