பைக் சாவி பிடுங்கும் லேப்காரர்

கள்ளக்குறிச்சியில் அதிகமான பைக் சாவிகளைப் பிடுங்கியவர் யார் என்று கேட்டால் டிராஃபிக் போலீஸ் என்பீர்கள். கிடையவே கிடையாது. ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் ஒன்றில் ஊசி குத்தும் ஒரு மனிதர்தான் அந்தப் பெருமைக்கு உரியவர். அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் லேப் முதலாளிக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் சாவிக்காரர்.

கல்வராயன் மலைக்காரர். தினமும் இறங்கி வந்து, கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் பிடிப்பார். பஸ்ஸில் எல்லோரும் நிழல் பக்கத்து சீட்டுக்கு அடித்துக்கொள்ளும்போது, இவர் மட்டும் வெயில் பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை வெளியே நீட்டிக்கொள்வார். "யோவ், கைய உள்ள எடுய்யா" என்று கண்டக்டர் கத்துவார். "ஊசி புடிக்கிற கைங்க. கொஞ்சம் காஞ்சிக்கட்டும்" என்பார் இவர்.

சாவி பிடுங்குவதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த லேப் இருப்பது குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கை ஒட்டி. மனைவி மட்டும் உள்ளே போவாள். புருஷன் வாசலில் வேப்ப மரத்தடியில் பைக்கின்மேல் சாய்ந்தபடி செல்போன் பார்த்துக்கொண்டிருப்பான். "நான் கூட்டிக்கினு வந்ததே பெருசு" என்கிற தோரணை அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். சாவிக்காரர் டெஸ்ட் சீட்டைப் பார்ப்பார், வெளியே வருவார், வண்டியில் தொங்கும் சாவியை இரண்டு விரலால் உருவிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவார். சாவி வேண்டுமென்றால் புருஷனும் டெஸ்டுக்கு உட்கார வேண்டும். அவ்வளவுதான் சட்டம். உள்ளே சுவரில் வரிசையாக ஆணி அடித்து, சாவிகளை மாட்டி வைத்திருப்பார். புதிதாக வருகிறவர்கள் பூட்டு ரிப்பேர் கடைக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போனதும் உண்டு.

ஒருமுறை, சும்மா நிழலுக்காக ஒதுங்கி போன் பேசிக்கொண்டிருந்த உரக் கம்பெனி பிரதிநிதி ஒருவரின் சாவியையும் உருவிவிட்டார். அந்த மனிதருக்கு மூன்று பிள்ளைகள். அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் கையில் ஊசி ஏறிவிட்டது. கடைசியில் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. திட்ட வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜன்னல் இல்லாத ஏசி அறை. காலையில் ஷட்டரைத் தூக்கி உள்ளே போனால் சூரியன் போன பிறகுதான் வெளியே வருவேன். என் மனைவி செல்வி மூன்றாவது தடவையாக டெஸ்டுக்கு வந்திருந்தாள். இதற்கு நடுவில் தியாகதுருகத்து அத்தை, "வேற ஒரு பொண்ணு இருக்குது, நல்ல எடம்" என்று என் அம்மாவிடம் போனில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அம்மா பேசுவாள். செல்வி அடுப்பங்கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டேன். கேட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினேன். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு மரத்தடியில் என் சாவி போனது.

"இன்னாங்க இது, சாவிய குடுங்க!" என்று பின்னாலேயே ஓடினேன்.

"உங்க சம்சாரம் கைய பாத்தீங்களா? மூணு தரம் குத்தியாச்சு. இனிமே குத்த எடம் தேடணும். உங்க கை புதுசாத்தான இருக்குது? நீட்டுங்க."

"எனக்கு இன்னாத்துக்குங்க? எங்க அப்பா கரும்பு வெட்டின ஆளு. எங்க வம்சத்துல அந்தக் கொறையே கெடையாது."

"உங்க அப்பா வெட்டினாருங்க. நீங்க இன்னா வெட்டறீங்க?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் கையை நீட்டிவிட்டேன்.

ரத்தம் எடுத்த பிறகு என் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து மூலையில் இருந்த அறையைக் காட்டினார். நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். அவரோ கூடத்தின் நடுவில் நின்று, எட்டூருக்குக் கேட்கும் குரலில் கோமுகி அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று எல்லோரிடமும் விசாரிக்க ஆரம்பித்தார். நான் வெளியே வரும்வரை அந்த விசாரணை ஓயவில்லை. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் ரிசல்ட் வாங்கப் போனேன். அந்த வெண்கலக் குரல்காரர் ஒன்றும் பேசாமல் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணி பதினொன்று. தரை கொதித்தது.

"இங்க இன்னாத்துக்குங்க?"

"கீழ பத்து காது இருக்குது" என்றார், ரகசியம் பேசுகிறவர் போல. "உயிரணு ஓட்டம் கம்மியா இருக்குதுங்க. வைட்டமின் டி ரொம்பவே கம்மி. வெயில்ல கெடைக்கிற சத்து அது. இந்த ஊர்ல இருந்துகினு வெயிலுக்குப் பஞ்சமாயிட்ட ஆளு நீங்க. பயப்படாம டாக்டரம்மாவ பாருங்க."

டாக்டரம்மா அளவாகத்தான் பேசினார். "டி கம்மியா இருந்தா ஓட்டமும் கம்மியா இருக்கலாம்னு சொல்றாங்க. இதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இருக்கிற கொறைய மொதல்ல சரி பண்ணிக்கலாம்." மாத்திரை எழுதினார். கொஞ்ச நேரம் வெயிலில் நடக்கவும் சொன்னார்.

அந்தக் 'கொஞ்ச நேரம்' என் காதில் ஏறவில்லை. மறுநாள் உச்சி வெயிலில், இடுப்பில் ஒரு துண்டோடு எங்கள் மாடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், அம்மா கற்பூரத் தட்டோடு படியேறி வருகிறாள்.

"சூரிய பகவானுக்கு வேண்டுதலாடா? எங்கிட்ட சொல்லக் கூடாதா? அந்தச் செல்விக்கு ஒரு வழி பொறக்கட்டும்னுதான வேண்டிக்கினு நிக்கற?"

என் கால் இரண்டும் சுட்டது. அதைவிட அந்தப் பேச்சு சுட்டது.

"அம்மா, கொறை செல்விகிட்ட இல்ல. எங்கிட்டதான். டெஸ்ட்ல தெரிஞ்சிபோச்சு."

அம்மா தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். கற்பூரம் எரிந்து முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே போனாள். "அந்தப் பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கச் சொல்லு. எங்க வூட்டுல ஒரு மருமவதான்" என்று அத்தையிடம் சொன்னது எனக்கு மாடிவரை கேட்டது. அன்றைக்கும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள். செல்வி அடுப்பங்கரையில்தான் இருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து அம்மாவே என்னைத் துரத்த ஆரம்பித்தாள். "மணியாவுது, போயி காயுடா!" என்பாள், வத்தலைச் சொல்வதுபோல. தோல் உரிந்துபோய் நான் நின்றதைப் பார்த்த டாக்டரம்மா, "நடக்கச் சொன்னேன், வறுத்துக்கவா சொன்னேன்?" என்று திட்டினார். எங்கள் தெருவில் சேதி பரவி, அந்தக் கோடையில் வீட்டுக்கு ஒரு ஆம்பளை மாடியில் காய்ந்துகொண்டிருந்தான். கேட்டால், டிஷ் ஆன்டெனாவைத் திருப்புவதாகச் சொன்னார்கள். அவர்களில் இரண்டு பேர் கூச்சத்தை விட்டு லேப்புக்கும் போனார்கள்.

அடுத்த வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். வெயிலா, மாத்திரையா, டாக்டரம்மா பிறகு கொடுத்த மருந்தா, எது பலித்தது என்று அவருக்கே தெரியாது. மிட்டாய் டப்பாவோடு போய் சாவிக்காரர் முன்னால் நின்றேன்.

"உங்களாலதாண்ணே."

"நல்லா இருக்குதே கத! மாத்திரை சாப்புட்டது நீங்க, பெத்தது அவங்க. நான் ஊசி குத்தினேன், அவ்ளோதான்" என்றவர், தன் தோள்பையிலிருந்து ஒரு பொட்டலம் சாமை அரிசியை எடுத்து நீட்டினார். "எங்க மலையில வெளஞ்சது. கொழந்தைக்குப் பல்லு மொளச்சதும் கஞ்சி வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

அவர் எனக்குக் குழந்தை கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. செல்வி தலையில் சுமந்திருந்த பழியை என் தலைக்கு மாற்றி வைத்தார். அந்தக் குழந்தை பிறக்காமலே போயிருந்தாலும் அதற்காக அவரைக் கும்பிட்டிருப்பேன்.

இப்போதும் அந்தப் பக்கம் போனால் வண்டியை மரத்தடியில் நிறுத்தி, சாவியை நானே எடுத்துக்கொண்டு போய் அவர் ஆணியில் மாட்டுவேன். "இன்னாத்துக்குங்க இது? நீங்கதான் உள்ள வந்துட்டீங்களே" என்று சிரிப்பார். இருந்தாலும், கிளம்பும்வரை அது அங்கே தொங்கினால்தான் எனக்கு மனசு நிறைகிறது.