மேட்டுப் பங்கு

அன்புள்ள மைத்துனருக்கு, உங்கள் அக்காவும் நானும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாமல் என்ன.

நிலத்தைப் பங்கு பிரித்தபோது, "அத்தான், மேடு உங்களுக்கு. மழைத்தண்ணி நிக்காது, வீடு எடுப்பா இருக்கும்" என்று சொல்லிச் சமதரையை நீங்கள் எடுத்துக்கொண்ட பெருந்தன்மையில் அன்றைக்கு என் கண் கலங்கியது, இப்போதும் கலங்குகிறது, காரணம்தான் வேறு. மேட்டுக்குள் யாரோ ஆதிகாலத்துப் பெரியவரைப் புதைத்திருக்கிறார்களாம். இது பாதுகாக்கப்பட்ட புதைமேடு, ஒரு கரண்டி மண்கூட எடுக்கக் கூடாது என்று தொல்லியல் அதிகாரி அறிவிப்புப் பலகையோடு வந்தார். பலகை நடவும் குழி தோண்டக் கூடாது என்பதால் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வேலியாவது போடுவோமென்று மணல் நிரப்பிய வாளிகளில் கம்புகளை நிறுத்திக் கம்பி கட்டினேன். பக்கத்துத் தோட்டத்து மாடு வந்து முதுகைச் சொறிந்துகொண்டதில் வேலியே நகர்ந்து, காலையில் பார்த்தால் மாடு உள்ளே, நான் வெளியே. துணி காயப்போடும் கொடிக்கம்புக்கு வாளி, கீரைக்கு வாளி, வாடகை வீட்டில் குளிக்க மட்டும் வாளி இல்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் மாப்பிள்ளை, ஆனால் உங்கள் அக்கா, "செத்தவருக்கு இவ்ளோ பெரிய இடம், நமக்கு ஒரு அடுப்படிக்கு வழியில்லையே" என்றது எனக்குத் தாங்கவில்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூட அடுத்தவரிடம் அனுமதி கேட்டே வாழ்ந்தவள் அவள்.

ஆகவே ஒரே பேச்சு. அடுத்த வாரம் உங்கள் கொத்தனார் வேலையைத் தொடங்குமுன் பங்கை மாற்றிக்கொள்வோம். மேடு உங்களுக்கு, சமதரை எங்களுக்கு. மறுத்தால் உங்கள் அக்காவை உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடுவேன். கூடவே நானும் வருவேன்.

குழந்தைகளுக்கு எங்கள் ஆசி, தங்கச்சிக்கு அன்பான விசாரிப்பு.

இப்படிக்கு,
மேடிருந்தும் வீடில்லாத அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் அதிகாரி ஒரு நிபுணரம்மாவை அழைத்து வந்தார். அந்த அம்மா ஏதோ கருவியை இழுத்துக்கொண்டு இரண்டு பங்கையும் சுற்றிவந்து, கடைசியில் மேட்டிலிருந்த எலிவளைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் செருப்பை உருவினார். இது யாரோ கிணறு வெட்டிக் கொட்டிய மண்ணாம். அசல் புதைமேடு உங்கள் பங்கில் உழுது உழுது சமதரையாகிவிட்டதாம். ஆகவே பங்கை மாற்ற வேண்டாம். தம்பி சொத்து அக்காவுக்கு எதற்கு? நீங்கள் பேசி வைத்திருக்கிற கொத்தனாரை மட்டும் இங்கே அனுப்பிவிடுங்கள், உங்களுக்கு அவர் இனித் தேவைப்பட மாட்டார்.