ஓடைக்குள் மூன்று பாட்டு

படிக்காதவனுக்குப் பல்கலைக்கழகங்களைப் பற்றி இருக்கும் அபிப்பிராயங்கள் படித்தவனுக்கு இருப்பதில்லை. இது என்னை வைத்தே நான் கண்டுபிடித்த உண்மை.

இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். (நான் ஓடினேனா, பள்ளிக்கூடம் துரத்தியதா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் தகராறு உண்டு.) அதன் பிறகு சிங்கப்பூரில் கப்பலுக்குத் துரு சுரண்டினேன். கேமரன் மலையில் காய்கறி லோரி ஓட்டினேன். கிள்ளானில் மூட்டை தூக்கினேன். லங்காவியில் ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவினேன். சில இடங்களில் சம்பளம் தராமல் ஏமாற்றினார்கள், சில இடங்களில் நான் சொல்லாமல் கிளம்பினேன். கடைசியில் ஈப்போவுக்கே திரும்பி வந்து, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட நான், என் அக்கா மகள் தர்ஷினிக்குப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்த அன்று, வாழ்த்துக்கூடச் சொல்லாமல் முதலில் கேட்ட கேள்வி இது:

"மெயின்ல கெடைக்கலையா?"

மெயின் என்றால் கோலாலம்பூர் பக்கம் இருக்கும் தலைமை வளாகம். தர்ஷினிக்குக் கிடைத்தது எங்கள் பேராக் மாநிலத்திலேயே இருக்கும் கிளை வளாகம். ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரம், சுற்றிலும் செம்பனைத் தோட்டம்.

"டே, நீ ஸ்கூல் மெயின் கேட்டையே ஒழுங்காத் தாண்டாதவன்," என்றாள் அக்கா. "நீ பேசாத."

நான் பேசாமல் இருப்பேனா? பேராக்கில் நல்லது எதுவும் கிடைக்காது, நல்லது வேண்டுமென்றால் பேராக்கை விட்டுப் போக வேண்டும் என்பது என் கொள்கை. நானே பலமுறை விட்டுப் போயிருக்கிறேன். (எனக்கு நல்லது எதுவும் கிடைக்கவில்லை என்பது கொள்கையின் குற்றமல்ல.) கோப்பிக் கடையில் யாராவது "மருமக எங்கப்பா படிக்குது?" என்று கேட்டால், "இங்கதான்லா, சும்மா, கிளைதான்," என்று கையை ஆட்டுவேன், ஈ ஓட்டுவதுபோல. அந்தப் பிள்ளை விடுதிக்குப் போக வர நாலு வருஷம் பஸ் பிடித்தாள். வேன் வைத்திருக்கும் மாமன் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போகவில்லை. கிளையை எல்லாம் போய்ப் பார்ப்பார்களா?

ஒருநாள் சோறு தின்னும்போது அவளே கேட்டாள். "மாமா, சிங்கப்பூர்ல எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஈப்போ."

"ஈப்போவுலயா பொறந்தீங்க?"

நான் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

"கிள்ளான்ல வேலை செஞ்சப்போ?"

"கோலாலம்பூர்னுதான் சொன்னேன். பக்கத்துலதான இருந்தேன்."

"அப்ப நீங்களும் மெயின்னு சொல்லிக்கிட்டுத் திரியிற கிளைதான் மாமா," என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அக்கா புரையேறும்வரை சிரித்தாள்.

நான் பிறந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது. துரையைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஓடையின் மேல் லோரி போகிற ஒரு பாலம் இருந்ததால் எங்களுக்கு அது பாலத்துத் தோட்டம். என் சிறுவயதில் தோட்டத்தை விற்றார்கள், எங்கள் வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள், அரைகுறையாகப் படித்துவிட்டு ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த அக்கா கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். அவ்வளவுதான் கதை. வாங்கியவர்கள் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பல வருஷம் கழித்து ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பாதி நிலத்தில் பல்கலைக்கழகம் கிளை திறந்தது. ஆமாம், நான் நாலு வருஷம் ஈ ஓட்டியது நான் பிறந்த மண்ணைத்தான்.

பட்டமளிப்பு விழா வந்தது. அதையாவது மெயினில் வைப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கிளையிலேயே வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு அழைப்பு அட்டை. ஒன்று அக்காவுக்கு. இன்னொன்று அத்தானுக்குப் போயிருக்க வேண்டும். அத்தான் தவறிப்போய் ஆறு வருஷம். தர்ஷினி அதை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, கிளைதான். பரவாயில்லன்னா வாங்க."

அந்த அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வாய் சொன்னது, "வாரேன், வாரேன். அன்னிக்கு வேன் ஓட்டமும் இல்ல."

முதல்நாள் மாலையே விடுதித் தோழிகளோடு தங்கப் போய்விட்டவள், விழாவன்று காலையில் போன் செய்தாள். "மாமா, நெடுஞ்சாலைய விட்டு எறங்குனதும் போர்டு இருக்கு. போர்டைப் பாத்து வாங்க. முக்கியம், தேசிய கீதம் போட்டுட்டா கதவச் சாத்திருவாங்க. அப்புறம் யாரையும் உள்ள விடமாட்டாங்க."

"ஏ புள்ள, எனக்கு வழி சொல்றியா? அது நான் பொறந்த தோட்டம்லா!"

எந்த ஊர் என்று கேட்டால் இருபது வருஷம் தோட்டத்தின் பெயரைச் சொல்லாத அதே வாய்தான்.

பழைய துணிக் கடையில் வாங்கிய கோட்டு எனக்கு. அக்காவுக்கு மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை, தலையில் பூ, கையில் தர்ஷினிக்கு ஒரு பூங்கொத்து. நல்ல நேரத்துக்கே கிளம்பினோம். போர்டும் தெரிந்தது. போர்டுக்குக் கீழே, கண்ணுக்கு எட்டியவரை கார் வரிசை.

"எல்லாரும் நிக்கிறாங்க, நாமளும் நிப்போம்," என்றாள் அக்கா.

"அவங்கல்லாம் வெளியூருக்கா. நமக்கு ஏன் இந்த ரோடு? பின்னால செம்மண் ரோடு ஒன்னு இருக்கு. பாலத்தத் தாண்டுனா நேரா லயம். லயம் இருந்த எடத்துலதான் மண்டபம்."

"போன்ல இருக்கிற பொண்ணு நேராப் போகச் சொல்லுதுடா."

"அவ என்ன பாலத்துத் தோட்டத்துல பொறந்தவளா?"

வண்டியைத் திருப்பினேன். போன் பெண் திரும்பு, திரும்பு என்று கொஞ்ச நேரம் கெஞ்சினாள். செம்பனைக்குள் புகுந்ததும் சிக்னல் போய் நின்றுவிட்டாள்.

"கோவிச்சுக்கிட்டா," என்றாள் அக்கா.

ரப்பர்த் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முகம் இருந்தது. செம்பனைக்கு எல்லா மரத்துக்கும் ஒரே முகம். "கிராணி வீட்டத் தாண்டி எடது" என்று நான் சொன்னபோது, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீடே இல்லை. "பெரிய அரசமரம் வரும் பாரு" என்றேன். அதே செம்பனைதான் வந்தது. ஒரே இடத்தை மூன்று முறை கடந்தோம் என்பதை அக்கா ஒரு குரங்கை வைத்துக் கண்டுபிடித்தாள். "டே, அது நம்மளப் பாத்துச் சிரிக்குது. முதல்ல சும்மாதான் பாத்துச்சு."

கடைசியில் ஓடை தெரிந்தது. நான் வெற்றிக் களிப்பில் ஹார்ன் அடித்தேன். கரையில் பாலத்தின் சிமெண்டுத் தூண் ஒன்று நின்றது. எதிர்க்கரையில் இன்னொன்று. நடுவில் பாலம் இல்லை.

பாலத்துத் தோட்டத்தில் பாலம் இல்லை.

எதிரே, ஒரு பந்து எறிகிற தூரத்தில், மண்டபத்தின் பின்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒலிபெருக்கியில் யாரோ விருந்தினர்களை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேனைத் திருப்பப் பார்த்தேன். பின்சக்கரம் சேற்றில் சுற்றிச் சுற்றித் தன்னைத் தானே புதைத்துக்கொண்டது.

நான் எதையாவது சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா அதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, சேலையைத் தூக்கிச் சொருகி, ஓடையில் இறங்கியிருந்தாள்.

"அக்கா! பட்டுச் சேலைக்கா!"

"சேலைய அடுத்த மாசம் தொவைக்கலாம். எம்மவ இன்னிக்குத்தான் மேடை ஏறுது. பைய எடுத்துக்கிட்டு வாடா!"

அவள் கைப்பையையும் பூங்கொத்தையும் தலைமேல் வைத்துக்கொண்டு நானும் இறங்கினேன். தண்ணீர் முழங்கால் அளவுதான். அதற்குக் கீழே இருந்த சேற்றுக்குத்தான் அளவில்லை. நடு ஓடைக்கு வந்தோம். அப்போது ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கியது.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் எனக்குள் எவ்வளவோ இறக்கப் பார்த்தார். இறங்கியது ஒன்றே ஒன்று: தேசிய கீதம் ஒலித்தால் அசையக் கூடாது. அசைந்தவன் காதை அவர் என்ன செய்வார் என்பது அக்காவுக்கும் தெரியும். இரண்டு பேரும் நட்டு வைத்ததுபோல நின்றோம். அவள் கையில் செருப்பு, என் தலையில் பூங்கொத்து.

சேற்றில் நிற்பவன் நின்ற இடத்தில் நிற்க முடியாது. இறங்கிக்கொண்டே இருப்பான். முதல் பாட்டு முடிந்தபோது தண்ணீர் என் தொடையில் இருந்தது. அக்கா ஒரு கல்மேல் கால் வைத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் காலை உருவினேன்.

அடுத்த பாட்டு தொடங்கியது.

"நம்ம ஸ்டேட் பாட்டுடா. நில்லு."

பேராக்கை நாலு திசையிலும் கேவலமாகப் பேசியவன், பேராக்கின் பாட்டுக்குப் பேராக்கின் சேற்றில் நின்றேன். இடுப்புவரை போனது. பாட்டு முடிந்தது. "சரி போலாம்," என்று பெருமூச்சு விட்டேன்.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. இது எனக்குத் தெரியாத பாட்டு. பல்கலைக்கழகத்தின் பாட்டு.

"வாக்கா, இது நம்ம பாட்டு இல்ல."

அக்கா திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, நேராக நின்றபடியே சொன்னாள்: "எம்மவ பாட்டு. நில்லு."

நின்றேன். அந்தக் கிளைக்கு நான் கொடுத்த முதல் மரியாதை அதுதான். அதைக் கொடுக்கும்போது என் கோட்டின் கீழ்ப் பொத்தான் தண்ணீருக்குள் போய்விட்டது. பாட்டு முடிகிற நேரத்தில் உள்ளே கதவு சாத்தும் சத்தம் கேட்டதா, எனக்கு அப்படித் தோன்றியதா என்று தெரியாது. அக்காவின் தோள் ஒருமுறை இறங்கி ஏறியது. சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள். திரும்பி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கரையேறியதும் மண்டபத்தின் பின்கதவில் ஒரு மலாய்க்காரக் காவலாளி நின்றார். எங்களைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார். பின் மெதுவாகக் கேட்டார், "ஓராங் மானா?" எந்த ஊர்க்காரர்கள் என்று.

பழக்க தோஷம். "ஈப்போ," என்று தொடங்கினேன்.

"சினி," என்றாள் அக்கா, மண்ணைக் காட்டி. இங்கேதான். கதவுக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்த நாற்காலிகளைக் காட்டி, தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள்: எங்கள் வீடு அங்கே இருந்தது, என் மகள் உள்ளே இருக்கிறாள்.

அவர் எங்கள் காலைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், என்னை அதிக நேரம் பார்த்தார். மண்டபத்துக்குள் விட முடியாது, ஆனால் பட்டதாரிகள் மேடைக்கு ஏறுகிற பக்கவாட்டுக் கதவுக்குக் கண்ணாடி இருக்கிறது, மக்சிக், அதாவது அந்த அம்மா, மட்டும் வந்து நின்று பார்க்கலாம் என்றார். நான்? அவர் என்னிடமிருந்து ஒழுகுவதைக் காட்டித் தலையாட்டினார். உள்ளே கம்பளமாம்.

என் கோட்டுப் பையில் அத்தானின் அட்டை கூழாகியிருந்தது. நான் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒலிபெருக்கியில் பெயர்களைக் கேட்டேன். நிறையப் பெயர்கள். தர்ஷினியின் பெயரையும், எங்கள் அத்தானின் பெயரையும் சேர்த்து ஒருவர் வாசித்தார். நான் தனியாகக் கை தட்டினேன். சேறு தெறித்தது.

அக்கா வெளியே வந்தாள்.

"பாத்தியாக்கா?"

"முதுகப் பாத்தேன்."

"மூஞ்சி?"

"மூஞ்சியத்தான் பொறந்ததுலேருந்து பாக்குறேனே. அந்த அங்கி போட்ட முதுகத்தான் பாத்ததில்ல. போதும்டா." கண்ணைத் துடைத்தாள். முகத்தில் சேறு ஒட்டிக்கொண்டது. நான் சொல்லவில்லை, அன்றைக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

விழா முடிந்து தர்ஷினி தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

"மாமா, எந்தப் பக்கமா வந்தீங்க?"

"பாலத்து வழியா."

"பாலத்தத்தான் எப்பவோ இடிச்சுட்டாங்களே. ஒரு தடவ வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா மாமா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சேற்றைவிட அது அதிக நாள் ஒட்டியது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவைச் சேற்றோடு கட்டிக்கொண்டாள். வாடகை அங்கி என்று யாரோ தோழி கத்தினாள்.

படம் எடுப்பவர் என்னை என்ன செய்வது என்று யோசித்து, பூக்கடையிலிருந்து பட்டத் தொப்பி போட்ட பெரிய கரடிப் பொம்மை ஒன்றை வாங்கி வந்து முன்னால் பிடிக்கச் சொன்னார். அக்கா வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் படத்தில், தர்ஷினி, அக்கா, ஒரு கரடி, கரடிக்கு மேலே என் தலை. புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்டால் அக்கா உட்கார வைத்து முழுக்கதையையும் சொல்வாள், கோட்டுப் பொத்தான் வரைக்கும்.

அன்று வேனை இழுத்துக் கொடுத்தது செம்பனைத் தோட்டத்து டிராக்டர். அடுத்த வாரமே பல்கலைக்கழகம் சொல்லி அந்தச் செம்மண் பாதையில் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள் என்று கேள்வி. எங்கள் வம்சத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாற்றம் கொண்டுவந்தவன் நான் ஒருவன்தான்.

தர்ஷினி இப்போது அதே கிளையில் கணக்கியல் சொல்லிக் கொடுக்கிறாள். மெயினில் கூப்பிட்டார்களாம், போகவில்லை. இப்போது கோப்பிக் கடையில் கேட்டால் "எங்க தோட்டத்துலதான்" என்று சொல்கிறேன். வாரக் கடைசியில் வேனில் கூட்டி வருகிறேன், போர்டைப் பார்த்துப் பார்த்து.

எங்கள் குடும்பத்தில் இப்போது தண்ணீரை யாரும் அடிக்கணக்கில் அளப்பதில்லை. போன மாதம் பெருமழையில் நான் வழியில் மாட்டிக்கொண்டு போன் செய்தேன், ரோட்டில் தண்ணீர், வர நேரமாகும் என்று.

"எவ்வளவு ஆழம் மாமா?" என்றாள் தர்ஷினி. "ஒரு பாட்டா, ரெண்டு பாட்டா?"

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "மூணுன்னா அப்படியே நிக்கச் சொல்லு!"